முடிச்சில்லாத பின்னல்

குடும்ப நீதிமன்றத்து வராந்தாவில் உட்கார்ந்து கொட்டாவி விட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. அங்கே அழுகிறவர்களுக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பது கொட்டாவி விடுகிறவர்கள்தான்.

ஆனால் அந்த மூலை பெஞ்சில் இருந்தவர் எங்கே உட்கார்ந்தாலும் கொட்டாவி விடுவார். பெயரே கொட்டாவி என்று ஆகிவிட்டது. தொழில், துப்பறிதல். கொலையும் கொள்ளையும் எப்போதாவது வரும் விருந்தாளிகள். அன்றாடப் பிழைப்பு இந்த வராந்தாவில்தான். பிரிந்துபோன புருஷனைப் பற்றி மனைவிக்கும், மனைவியைப் பற்றிப் புருஷனுக்கும் எதையாவது தோண்டிக் கொடுக்க வேண்டும். தோண்டத் தோண்ட அலுப்புதான் கிடைக்கும்.

"பாஸ், வாயை மூடுங்க. எதிர் பெஞ்சுல இருக்கிற பாப்பா உங்க கடவாய்ப் பல்லை எட்டிப் பாக்குது," என்றாள் ஊசி.

ஊசி அவருடைய உதவியாளர். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டவள். மீதியை இந்த வராந்தாவிலேயே படித்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். குத்தாமல் பேசத் தெரியாது என்பதால் அந்தப் பெயர்.

"பாத்துட்டுப் போகட்டும். இங்க வேற என்ன வேடிக்கை இருக்கு?"

"இருக்கு. அதோ வருது."

கறுப்பு அங்கி படபடக்க ஒரு வக்கீல் அம்மா வந்தார். பின்னால், மடித்த வெள்ளைக் கோட்டைக் கையில் போட்டபடி ஒரு பெண். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பார்மசிஸ்ட். இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேராக வந்திருக்கிறாள் என்பது கண்களைப் பார்த்தாலே தெரிந்தது.

வக்கீல் அம்மா உட்காரவில்லை. "சுருக்கமா சொல்லிடறேன். இவங்களுக்கு எட்டு வயசுல ஒரு பொண்ணு. அப்பாவோட இருக்கா. வெள்ளிக்கிழமை மத்தியானம் இங்க குழந்தைகள் அறையில அப்பா கொண்டுவந்து விடணும், இவங்க ரெண்டு நாள் வச்சுக்கலாம். தற்காலிக ஏற்பாடு. கடைசித் தீர்ப்பு அடுத்த வாரம்."

"பிரச்சினை?" என்றார் கொட்டாவி, பாதி கொட்டாவியில்.

பார்மசிஸ்ட் பேசினாள். "குருவி எங்கிட்ட வரமாட்டேங்கறா. கொஞ்ச நாளாவே இப்படித்தான். அந்த அறைக் கதவைப் பிடிச்சுக்கிட்டு அழறா. போன வாரம் விரலை ஒண்ணொண்ணா எடுத்துவிட்டுத்தான் கூட்டிட்டுப் போனேன்."

"குருவின்னா பொண்ணு," என்றார் வக்கீல் அம்மா. "இன்னிக்கு மத்தியானம் கோர்ட்டோட ஆலோசகர் பக்கத்துல நின்னு பாக்கப் போறாங்க. இன்னிக்கும் குழந்தை அழுதா, 'தாயிடம் செல்ல விருப்பமில்லை'ன்னு எழுதிடுவாங்க. அப்புறம் வாரத்துல ரெண்டு நாளும் போயிடும். அதுக்குள்ள எனக்கு அந்தப் பொம்பளை வேணும். பேரு, முகம், ஒரு போட்டோ."

"எந்தப் பொம்பளை?"

"அதைத்தானே உங்களைக் கண்டுபிடிக்கச் சொல்றோம்?" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, வேறொரு விவாகரத்துக்காக வேறொரு அறைக்குள் போய்விட்டார்.

பார்மசிஸ்ட் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து ஒரு மாத்திரைக் கவரை எடுத்தாள். 'உணவுக்குப் பின்' என்று அச்சடித்திருந்தது. உள்ளே மாத்திரை இல்லை. கறுப்பு நூல் துண்டுகள்.

"உணவுக்குப் பின் நூல். ஒரு நாளைக்கு எத்தனை தடவைங்க?" என்றாள் ஊசி.

பார்மசிஸ்ட் சிரிக்கவில்லை. கைப்பேசியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். ஒரு சிறுமியின் முதுகு. அதன் மேல் ஒரு பின்னல். சாதாரணப் பின்னல் இல்லை. நாலு கால் எடுத்து, பாம்பு போல உருண்டையாக, ஒரு மயிரிழைகூட வெளியே தலைகாட்டாமல் இறங்கியிருந்தது. நுனியில் ரிப்பன் இல்லை, ரப்பர் வளையம் இல்லை. கறுப்பு நூலை நெருக்கமாகச் சுற்றியிருந்தது. முடிச்சு மட்டும் எங்கேயும் காணோம்.

"வாராவாரம் இப்படித்தான் வருவா. மனுவுல என்ன எழுதியிருக்கார் தெரியுமா? அவரோட அக்கா கூடவே தங்கிக் குழந்தையைப் பாத்துக்கறாங்களாம். என் நாத்தனாருக்கு விரல் பூரா மூட்டுவலி. ஸ்பூன் பிடிக்கவே சிரமப்படுவாங்க. அவங்க எங்க பின்னுறது?"

"அப்ப உங்க வீட்டுக்காரரே பின்னலாமே?" என்றாள் ஊசி.

இப்போது பார்மசிஸ்ட் சிரித்தாள். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு. "அவரா? அவருக்கு ஷூ லேஸ் ஒழுங்காக் கட்டத் தெரியாது. சேல்ஸ் ஆபீசர். டை முடிச்சை நான்தான் போட்டுவிடுவேன். அதை அவுக்காமத் தலை வழியாக் கழட்டி ஆணியில மாட்டி வைப்பார், மறுநாள் அப்படியே மாட்டிக்கலாம்னு. சீப்பைத் தொட்டதில்லை. வீட்டுல இருந்ததே இல்லை, மாசத்துல பாதி நாள் டூர். அந்த வீட்டுல ஒருத்தி இருக்கா சார். அவதான் பின்னி விடறா. அவதான் 'அம்மாகிட்டப் போகாதே'ன்னு சொல்லியும் கொடுக்கறா."

கொட்டாவி கவரைப் பிரித்து ஒரு நூலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு விரல்களுக்கிடையே உருட்டினார்.

"குழந்தைகிட்டக் கேட்டீங்களா?"

"யாரு பின்னினதுன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டா. 'சொல்லக்கூடாது'ம்பா. போதாதா?"

"போதும்," என்றார் கொட்டாவி. நூலை நீட்டினார். "முகர்ந்து பாரு ஊசி."

"மெழுகுவத்தி வாசனை."

"அது நாம கிளம்ப வேண்டிய வாசனை. வா."

*

முதலில் போனது நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த அழகு நிலையத்துக்கு. அங்கே இருந்த பியூட்டிஷியன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அப்புறம் நூலைப் பார்த்தாள். அப்புறம் இவர்களைப் பார்த்தாள்.

"இது எங்க ஆளுங்க வேலை இல்லீங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"நாங்க உச்சியிலேர்ந்து கீழ பின்னிட்டு வரும்போது நுனிகிட்டக் கை தளரும். முடி கம்மியாகுதில்ல? யாரு பின்னினாலும் அப்படித்தான். இது நுனி வரைக்கும் ஒரே இறுக்கம். எதையோ இழுத்துப் பிடிச்சுக் கட்டின மாதிரி." நூல் சுற்றை நகத்தால் தட்டினாள். "இதுல அவுக்கறதுக்கே வழி விடல. முடியை அவுக்கணும்னு நினைக்காத யாரோ பண்ணியிருக்காங்க. நாங்க தினம் அவுக்கறவங்க."

"பொம்பளைதானே பின்னியிருப்பா?" என்றாள் ஊசி.

"வேற யாரு பின்னுவா?" என்ற பியூட்டிஷியன், ஊசியின் தலையைப் பார்த்து முகம் சுளித்தாள். "உங்களுக்கு யாரு வெட்டிவிட்டாங்க?"

"நானேதான்."

"தெரியுது."

வெளியே வந்ததும் ஊசி தலையைக் கோதிக்கொண்டாள். "துப்பு கேக்க வந்த இடத்துல துப்பிட்டா பாஸ்."

கொட்டாவியின் உதடு மட்டும் அசைந்தது. 'அவுக்கணும்னு நினைக்காத ஆள்.'

*

சேல்ஸ் ஆபீசரின் வீடு ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் இருந்தது. பூட்டியிருந்தது. பொது நடையைப் பார்த்தபடி ஒரு கம்பி ஜன்னல், உள்பக்கம் திரை. கதவுக்குப் பக்கத்தில் செருப்பு அலமாரி. ஊசி மணியை அடித்தாள். திறந்தது பக்கத்து வீட்டுக் கதவு.

"யாரு வேணும்?" பக்கத்து வீட்டுக்காரம்மா கையில் ஈரத் துணியோடு நின்றார்.

"தண்ணி சுத்திகரிப்புக் கம்பெனி," என்றாள் ஊசி கண் இமைக்காமல். "இந்த வீட்டு அக்காவைப் பாக்கணும். அவங்கதான் வரச் சொன்னாங்க."

"அக்காவா? அவர் அக்கா ஒரு தடவை வந்தாங்க. கை வலின்னு வந்த வேகத்துல ஊருக்குப் போயிட்டாங்க. அதோட சரி."

"அப்ப வேற யாராவது அம்மா இருப்பாங்களே?"

"இந்த வீட்டுல பொண்ணுன்னா அந்தக் குருவி ஒண்ணுதாம்மா. வேற ஒரு ஈ, காக்கா வந்ததில்லை. நான் பூரா நேரமும் இங்கயேதான் இருக்கேன்." பூரா நேரமும் கதவிடுக்கிலேயே இருக்கிறேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

ஊசி திரும்பி கொட்டாவியைப் பார்த்தாள். வீட்டில் பெண்ணே கிடையாது. ஆனால் பின்னல் மட்டும் வாராவாரம் தயாராகி வருகிறது.

"காலையில அந்தப் பொண்ணு ஸ்கூலுக்குக் கிளம்பறதைப் பாப்பீங்களா?" என்றார் கொட்டாவி.

"ஏன் பாக்க மாட்டேன்? இதோ இந்த ஜன்னல் கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, பஸ்ல நிக்கற மாதிரி நிக்கும். கதை சொல்லிக்கிட்டே இருக்கும். யாருகிட்டச் சொல்லுதுன்னு தெரியாது, பின்னால திரை." அந்தத் திரை மேல் அவருக்கு நெடுநாள் கோபம் இருந்தது.

"அவங்க அப்பா எப்படி?"

"முன்னாடியெல்லாம் டை கட்டிக்கிட்டு, பெட்டியைத் தூக்கிக்கிட்டு மிடுக்கா போவார். இப்ப ஒரு பழைய டீ ஷர்ட். திரும்பி வரும்போது மேலெல்லாம் ஒரு மெழுகு வாசனை. என்ன பண்றாரோ!"

கொட்டாவி கீழே குனிந்தார். செருப்பு அலமாரியில் பெரிய செருப்பு ஒன்று. அதன் அடியில் பச்சை நைலான் துணுக்குகள் அப்பியிருந்தன. பக்கத்தில் தேய்ந்துபோன சின்ன கான்வாஸ் ஷூ. அதன் லேஸ் நுனியில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் குப்பி உதிர்ந்துபோயிருந்தது. அந்த இடத்தில் கறுப்பு நூல், நெருக்கமாக, சீராகச் சுற்றியிருந்தது.

முடிச்சு இல்லை.

நிமிர்ந்தபோது கொட்டாவியின் முகத்தில் தூக்கக் கலக்கம் குறைந்திருந்தது. அவர் விழித்துக்கொண்டால் அதுதான் அடையாளம்.

"தண்ணியைப் பத்தி ஒண்ணுமே கேக்கலயே?" என்றார் பக்கத்து வீட்டுக்காரம்மா.

"நல்லா இருக்குன்னு சொன்னாங்க," என்று இறங்கிவிட்டாள் ஊசி. படிக்கட்டில் கேட்டாள், "பச்சை நைலான்னா என்ன பாஸ்?"

"நீ பந்து விளையாடினதே இல்லையா?"

"விளையாடியிருக்கேன். கோல் விழுந்தா வலை... ஓ!" நின்றுவிட்டாள். "வலை கட்டற பட்டறை. இந்த ஊர்ல அது ஒண்ணுதான் இருக்கு. அப்ப அவ பட்டறைக்காரி! வீட்டுக்கு வர்றதில்ல, இவர் குழந்தையை அங்க கூட்டிட்டுப் போறார். ஆளை வலை போட்டே பிடிச்சிருக்கா பாஸ்!"

"நல்லாத்தான் இருக்கு," என்றார் கொட்டாவி. "வக்கீல் அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும்."

அதை அவர் சொன்ன விதம் ஊசிக்குப் பிடிக்கவில்லை.

*

தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே கயிறு, கயிறு, கயிறு. ஊஞ்சலுக்குத் தடித்த கயிறு, குழந்தைகள் ஏறி விளையாடும் வலைக்கு நடுத்தரக் கயிறு, கோல் கம்பத்துக்கு மெல்லிய பச்சைக் கயிறு. இரண்டு வரிசையாகப் பெண்கள் தரையில் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார்கள். ஊசியின் கண் ஒவ்வொரு முகமாகத் தாவியது.

"இவங்கள்ல யாரு பாஸ்? அந்தச் சிவப்புச் சட்டையா?"

"சும்மா இரு."

மேஸ்திரி வந்தார். கொட்டாவி ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டு, அதற்கு வலை விலை விசாரித்தார். பேச்சோடு பேச்சாக ஒரு கயிற்று நுனியைத் தூக்கிப் பார்த்தார். அதில் கறுப்பு நூல் சுற்று.

"இதுல முடிச்சே இல்லையே, அவுந்துடாதா?"

"அவுராதுங்க. நூலுக்கு மெழுகு ஏத்தி, நுனியைச் சுத்துக்குள்ளயே விட்டு இழுத்துடுவோம். கயிறு அந்துபோனாலும் இது போகாது. பிரிக்கணும்னா கத்தரிதான்."

ஊசி கொட்டகையின் நடுத்தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கொக்கியில் கறுப்புக் கம்பளி நூல் கற்றைகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றும் ஒரு சிறுமியின் கூந்தல் நீளம். முதலாவது எலி கடித்த வால் போலக் கோணிக்கொண்டு நின்றது. அடுத்தது ஒரு பக்கம் புடைத்திருந்தது. போகப் போக நேராகி, கடைசியில் இருந்தது பாம்பு போல உருண்டையாக இறங்கியது. நாலு கால். அந்தப் படத்தில் பார்த்த அதே பின்னல்.

"சவுரி முடிக் கடையும் நடத்தறீங்களா?" என்றாள்.

மேஸ்திரி சிரித்துவிட்டார். "அதுவா? அது நம்ம டை வாத்தியார் கைவேலை. முதல் நாள் டை கட்டிட்டு வந்தார், அதனால அந்தப் பேரு. முன்னாடி சேல்ஸாம். ஊர் ஊராச் சுத்தற வேலை, பொண்ணை யாரு பாத்துக்கறதுன்னு விட்டுட்டு வந்துட்டார். சம்பளம் இங்க கம்மின்னு சொன்னேன். ஸ்கூல் விடற நேரத்துக்குப் போக விடுவீங்களான்னு மட்டும் கேட்டார்."

"அவருக்கு யாரு பின்னக் கத்துக்கொடுத்தாங்க? அந்தச் சிவப்புச் சட்டை அக்காவா?" ஊசி விடுவதாக இல்லை.

"அவங்க என் சம்சாரம்," என்றார் மேஸ்திரி.

ஊசி கூரையைப் பார்த்தாள்.

"நான்தான் கத்துக்கொடுத்தேன்மா. நாலு பிரி. ஊஞ்சல் கயித்துக்குப் போடறது. மூணு பிரி எதுக்கும் போதும், இவர்தான் இதுதான் வேணும்னு நின்னார். 'இது அவுராதா, ஓடினாலும் ஆடினாலும் அவுராதா'ன்னு. அப்புறம் ஒண்ணு கேட்டார் பாருங்க. இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கேட்டதில்ல." மேஸ்திரி கம்பளி வாலைத் தடவினார். "'இதை முடியில போட்டா வலிக்குமா?'ன்னார். கயித்துக்கு வலிக்குமா, எனக்கு என்ன தெரியும்? அதான் கம்பளியில பழகிக்கிட்டு, தன் முடியைப் பிடிச்சு இழுத்து இழுத்துப் பாத்துக்கிட்டிருந்தார்."

கொட்டகையின் கடைசியில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். கயிற்றின் ஒரு முனை சுவர்க் கொக்கியில். மறுமுனையைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து, இழுப்பு தளராமல் பின்னிக்கொண்டு வந்தார். கொக்கி இருக்கும் இடத்தில், ஜன்னல் கம்பியை இரு கையாலும் பிடித்தபடி ஒரு சிறுமி நின்றிருந்தால் சரியாக இருக்கும்.

ஊசி தன் முடியைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தாள்.

*

திரும்பி வரும் பஸ்ஸில் ஊசி கேட்டாள். "அப்ப எதுக்கு பாஸ், 'அக்கா கூட இருக்காங்க'ன்னு எழுதணும்? 'நானேதான் பாத்துக்கறேன்'னு எழுத வேண்டியதுதானே?"

"அவர் எழுதல. அவர் வக்கீல் எழுதியிருப்பார். பொண்ணு குழந்தைன்னா 'வீட்டில் பெண் துணை உண்டு'ன்னு ஒரு பத்தி. எல்லா மனுவுலயும் இருக்கும், ஆளுக்கு ஏத்த மாதிரி அக்கா, சித்தி, அத்தைன்னு மாத்திப்பாங்க. அதைப் போட்டுட்டா, அப்புறம் அதைக் காப்பாத்தணுமே. அதான் குழந்தைகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொல்லிவச்சிருக்கார்."

"உண்மையைச் சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பார்."

"ஆம்பளை நாலு கால் பின்னுவான்னு சொன்னா யாரு நம்புவா? ஒரே வீட்டுல இருந்த பெண்டாட்டியே நம்பல." ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்களை மூடினார். "ஒண்ணு மட்டும் இன்னும் இடிக்குது. அப்பா சொல்லிக்கொடுக்கற ஆளாத் தெரியல. அப்புறம் எதுக்குக் குழந்தை அம்மாவைப் பாத்து அழுது?"

*

மத்தியானம். குழந்தைகள் அறையின் வாசல். சுவரில் யாரோ சிரிக்கிற மிருகங்களை வரைந்திருந்தார்கள். கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஆலோசகர், பேனாவோடு தயாராக இருந்தார்.

சற்றுத் தள்ளி, தூண் மறைவில் கொட்டாவி தன் அறிக்கையை வாயாலேயே கொடுத்து முடித்தார். வீட்டில் பெண் இல்லை. நாத்தனாரும் இல்லை. வேலையை விட்டாயிற்று. பின்னுவது யார் என்பதையும் சொன்னார்.

பார்மசிஸ்ட் வெறித்துப் பார்த்தாள். "அவரா?"

"அவரே."

"டை முடிச்சுகூட..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

வக்கீல் அம்மாவுக்கு முகம் மலர்ந்திருந்தது. "அருமை! நாத்தனார் வீட்டுல இல்லை. மனுவுல பொய். வேலையும் போச்சு, அதையும் மறைச்சிருக்கார். பொம்பளையே வேண்டாம், இது ஒண்ணே போதும்."

"மீதியையும் சேத்துச் சொல்லணும்," என்றார் கொட்டாவி.

"மீதி எதுக்கு?"

"பாதி அறிக்கை கொடுத்துப் பழக்கமில்லீங்க."

"உங்களுக்குக் கூலி கொடுக்கறது யாரு சார்?"

"இவங்க. அதனாலதான் இவங்ககிட்ட முழுசாச் சொன்னேன்." பார்மசிஸ்ட் பக்கம் திரும்பினார். "எதைச் சொல்றதுன்னு நீங்க முடிவு பண்ணுங்கம்மா. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை குழந்தையைக் கூட்டிட்டுப் போனதும் முதல் வேலையா என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவேன்? சாப்பாடு..." யோசித்தாள். "இல்ல. முதல்ல தலையை அவுத்துடுவேன். எவளோ பின்னின தலை. பாத்தாலே பத்திக்கிட்டு வரும். வீடு வரைக்கும்கூட பொறுக்காது எனக்கு. இங்கயே, அந்த அறையிலயே, கத்தரியை எடுத்து நூலை வெட்டி..."

வாக்கியம் முடியவில்லை.

அவள் கை தானாகக் கைப்பைக்குள் போயிருந்தது. வெளியே வந்தபோது விரல்களில் ஒரு சின்ன மருந்தகக் கத்தரி. அதை முதன்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"ஒவ்வொரு வாரமும்," என்றாள்.

வராந்தாவில் யாருடைய வழக்கையோ கூப்பிட்டார்கள்.

"நான் அவகிட்டச் சொல்லிக்கிட்டேதான் வெட்டுவேன். 'இது நமக்கு வேண்டாம், அசிங்கமா இருக்கு'ன்னு. அவ வாயைத் திறக்காம நிப்பா."

ஊசி கையை நீட்டினாள். பார்மசிஸ்ட் கத்தரியைக் கொடுத்துவிட்டாள்.

"இப்ப நான் என்ன எழுதிக்கட்டும்?" என்றார் வக்கீல் அம்மா. அவர் குரல் இறங்கியிருந்தது. அவருக்கும் இது அன்றைய நாளின் எத்தனையாவது குழந்தையோ. "முழுசாச் சொன்னா தீர்ப்பு அந்தப் பக்கம் சாயலாம். நான் பயமுறுத்தல, நடக்கறதைச் சொல்றேன்."

பார்மசிஸ்ட் பதில் சொல்வதற்குள் வாசலில் அரவம் கேட்டது.

பழைய டீ ஷர்ட் போட்ட ஒருவர் வாசற்படியோடு நின்றுகொண்டார். அதற்கு மேல் வர உத்தரவில்லை. குருவி மட்டும் பள்ளிப் பையோடு உள்ளே வந்தாள். முதுகில் அந்தப் பின்னல், வெயில் பட்டு மினுமினுத்தது. ஆலோசகர் பேனா மூடியைத் திறந்தார்.

குழந்தையின் கை கதவை நோக்கிப் போனது. பிடித்தது. அப்புறம், எல்லாரும் பார்க்கிறார்கள் என்பதாலோ, அழுது பயனில்லை என்று தெரிந்துவிட்டதாலோ, தானாகவே விட்டது. நேராக நடந்து வந்து அம்மாவுக்கு எதிரே நின்றாள். முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். பின்னலைப் பிடித்து, நுனியைத் தோளுக்கு மேல் தூக்கி, அம்மா பக்கமாக நீட்டினாள்.

"கத்தரி கொண்டுவந்தியாம்மா?"

அலுவலகம் விட்டு வீடு திரும்புகிறவர்களின் குரலில் கேட்டாள். எட்டு வயதுக்கு அந்தக் குரல் மிகப் பெரியது.

ஆலோசகரின் பேனா காகிதத்தைத் தொடாமல் நின்றது. வாசற்படியில் இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பார்மசிஸ்ட் மண்டியிட்டாள். நீட்டிய நுனியை வாங்கிக்கொண்டாள். மெழுகு நூலின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள். எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. மெதுவாக அதைக் குழந்தையின் முதுகிலேயே விட்டாள்.

"இல்லடா. இனிமே கொண்டுவர மாட்டேன்."

குருவி திரும்பவில்லை. நம்பவில்லை போலிருந்தது.

பார்மசிஸ்ட் தலையை மட்டும் தூக்கி வக்கீல் அம்மாவைப் பார்த்தாள். "முழுசா எழுதிக்குங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"நைட் டியூட்டி முடிச்சு வந்திருக்கேன் மேடம். யோசிக்கத் தெம்பில்ல. நாத்தனார் இல்லைன்னு எழுதுங்க. யாரு பின்னுறாங்கன்னும் எழுதுங்க. யாரு வெட்டினாங்கன்னும் எழுதுங்க. அப்புறமும் என் பொண்ணு எனக்கு வேணும்னு எழுதுங்க."

வக்கீல் அம்மா பெருமூச்சு விட்டு ஆலோசகர் பக்கம் நடந்தார்.

கொட்டாவி கொட்டாவி விட்டார். வாய் பாதி திறந்திருக்கும்போது ஊசி காதருகே வந்தாள். "பாஸ், நாம தேடி வந்த பொம்பளை கிடைக்கவே இல்லையே. பில்லுல என்னன்னு போடறது?"

"கத்தரி பறிமுதல்னு போடு."

அம்மாவின் கை குழந்தையின் உச்சந்தலையைத் தொட்டது. பின்னல் ஆரம்பிக்கிற இடத்தை, மிக லேசாக.

"வலிக்குமாடா, அப்பா பின்னும்போது?"

குருவி முதலில் வாசற்படியைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. அங்கிருந்தவர் சம்மதமாகத் தலையை அசைத்தார்.

"முன்னாடி ரொம்ப வலிச்சுதும்மா," என்றாள், மெல்லத் திரும்பியபடி. "இப்பல்லாம் வலிக்கறதில்ல."